1.5-ஐ 2 ஆக்கலாமா? எரித்தல் பகுப்பாய்வில் ஆக்சிஜன் எனும் மிச்சக் கணக்கு

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்று மட்டுமே உள்ள ஒரு சேர்மம் 0.3000 கிராம். அதை மிகுதியான ஆக்சிஜனில் எரித்தபோது 0.542 கிராம் கார்பன் டைஆக்சைடும் 0.185 கிராம் நீரும் கிடைத்தன. மூலக்கூறு நிறை 146. நீங்கள் 1.5 : 2.5 : 1 வரை சரியாக வந்துவிட்டு, அதை முழு எண்ணாக்கி 2 : 3 : 1 என்று முடித்திருக்கிறீர்கள், விடையோ 3 : 5 : 2 என்று கொடுக்கப்பட்டிருக்கிறது. கூடவே இன்னொரு சந்தேகம்: கார்பன் டைஆக்சைடிலும் நீரிலும் உள்ள ஆக்சிஜனைக் கூட்டினால் 0.558 கிராம் வருகிறது, எடுத்த பொருளே 0.3 கிராம்தானே, இது எப்படி? இரண்டு கேள்வியாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்தக் கணக்கில் ஆக்சிஜனின் அளவு எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? கீழே வாய்ப்பாடுகளையெல்லாம் கார்பன் : ஹைட்ரஜன் : ஆக்சிஜன் என்ற அதே வரிசையில் விகிதமாகவே எழுதுகிறேன்.

ஆக்சிஜனிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அது தெளிந்தால் மற்றதும் தெளிந்துவிடும். எரிக்கும்போது வெளியிலிருந்தும் ஆக்சிஜன் உள்ளே போகிறது. விளைபொருள்களின் மொத்த நிறை 0.542 + 0.185 = 0.727 கிராம். போட்ட பொருள் 0.300 கிராம். ஆக, 0.427 கிராம் ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து வந்தது. நீங்கள் கூட்டிய 0.558-லிருந்து இந்த 0.427-ஐக் கழித்தால் 0.131 கிராம், அதுதான் சேர்மத்துக்குள்ளேயே இருந்த ஆக்சிஜன். விளைபொருளில் உள்ள ஆக்சிஜன் அணுக்களில் எது சேர்மத்தினுடையது, எது சிலிண்டரினுடையது என்று தராசு சொல்லாது. கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. அவை வர ஒரே வழி சேர்மம்தான். அதனால் அவற்றை நேரடியாக அளக்கிறோம், ஆக்சிஜனைக் கழித்தலில் பெறுகிறோம்: எடுத்த நிறையிலிருந்து கார்பனையும் ஹைட்ரஜனையும் கழித்தால் மிஞ்சுவது ஆக்சிஜன். மேலே நான் போட்ட 0.558 − 0.427 கணக்கைத் தனியான சரிபார்ப்பு என்று எண்ணிவிடாதீர்கள். அதே கழித்தலைத்தான் வேறு வரிசையில் செய்திருக்கிறேன். தவறு இருந்தால் இரண்டிலும் ஒரே தவறு வரும்.

இனி எண்கள். கார்பனின் நிறை 0.542 × 12.011 ÷ 44.009 = 0.1479 கிராம். ஹைட்ரஜனின் நிறை 0.185 × 2.016 ÷ 18.015 = 0.0207 கிராம். இங்கே 2.016 என்பது இரண்டு ஹைட்ரஜனுக்கு. இந்த இரண்டை மறப்பதுதான் தேர்வுத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை. ஆக்சிஜன் 0.3000 − 0.1479 − 0.0207 = 0.1314 கிராம். ஒவ்வொன்றையும் அதனதன் அணு நிறையால் வகுத்தால் கார்பன் 0.01232 மோல், ஹைட்ரஜன் 0.02054 மோல், ஆக்சிஜன் 0.00821 மோல். மிகச் சிறியது ஆக்சிஜன். அதால் வகுத்தால் 1.50 : 2.50 : 1. கேள்வியில் நிறைக்குப் பதிலாகச் சதவீதம் கொடுத்திருந்தால் 100 கிராம் எடுத்ததாக வைத்துக்கொண்டு இதையே செய்ய வேண்டும், வேறு மாற்றம் எதுவும் இல்லை.

இந்த இடத்தில்தான் நீங்கள் வழுக்கினீர்கள். முழு எண்ணாக்குவது என்பது 0.98-ஐ 1 ஆக்குவதற்கும் 3.03-ஐ 3 ஆக்குவதற்கும்தான். அளவீட்டில் வரும் சிறு பிசிறை ஒதுக்குவதற்கு. 1.5 என்பது பிசிறு அல்ல. இரண்டு ஆக்சிஜனுக்கு மூன்று கார்பன் என்ற செய்தி அதில் இருக்கிறது. அதை 2 ஆக்கினால் இல்லாத கார்பனை மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்தது போலாகும். அதனால் மூன்று எண்களையும் சேர்த்து 2-ஆல் பெருக்க வேண்டும்: 3 : 5 : 2. பின்னம் 0.33 அல்லது 0.67-ஐ ஒட்டியிருந்தால் 3-ஆலும், 0.25 அல்லது 0.75-ஐ ஒட்டியிருந்தால் 4-ஆலும், 0.2, 0.4, 0.6, 0.8 என்றால் 5-ஆலும் பெருக்குவது வழக்கம். உங்கள் 2 : 3 : 1 தவறு என்பதை அங்கேயே கண்டுபிடித்திருக்கலாம்: அதன் நிறை 43, 146-ஐ 43-ஆல் வகுத்தால் 3.4. முழு எண் வரவில்லை என்றால் பின்னால் எங்கோ பிழை இருக்கிறது. 3 : 5 : 2-இன் நிறை 73.07, 146-இல் அது சரியாக இரண்டு முறை போகிறது. மூலக்கூறு வாய்ப்பாடு 6 : 10 : 4.

இடையில் எண்களைக் குறுக்குவதும் இதே போன்ற ஆபத்து. மோல் அளவுகளை 0.012, 0.021, 0.008 என்று மூன்று தசம இடத்தோடு வெட்டிப் பாருங்கள். விகிதம் 1.5 : 2.625 : 1 ஆகிறது, 2.625-ஐ முழு எண்ணாக்க 8-ஆல் பெருக்கினால் 12 : 21 : 8 என்று ஒரு வாய்ப்பாடு வந்து நிற்கும். பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் முழுக்க முழுக்க உங்கள் பேனா உண்டாக்கியது. கடைசி வரி வரை குறைந்தது மூன்று பொருளுறு இலக்கங்களை (முன்னால் உள்ள சுழியங்களை விட்டுவிட்டு எண்ணும் இலக்கங்களை) வைத்திருங்கள், நான்கு இருந்தால் நல்லது. அணு நிறைக்கு 12, 1, 16 என்று போட்டாலும் தேர்வுக் கணக்கில் விடை மாறாது.

பாடப்புத்தகக் கணக்கில் பின்னங்கள் அழகாக 1.50 என்றே விழும், ஏனென்றால் விடையிலிருந்து பின்னோக்கி எண்களைத் தயாரித்திருப்பார்கள். உண்மையான அளவீட்டில் 1.46 வரும், 1.41 வரும். அப்போது எதை எதாக எடுத்துக்கொள்வது? "0.1-க்குள் இருந்தால் முழு எண்ணாக்கு" என்ற மனப்பாட விதி சின்ன மூலக்கூறுகளுக்கு மட்டும் ஓடும். உண்மையில் கேட்க வேண்டியது, அளவீட்டில் ஒரு சதவீதம் பிழை இருந்தால் விகிதம் எவ்வளவு சாயும் என்பது. உங்கள் சேர்மத்தில் கார்பன் 1 சதவீதம் குறைவாக அளக்கப்பட்டால் 1.5 மில்லிகிராம் குறையும். அந்த 1.5 மில்லிகிராம் தொலைந்துபோவதில்லை. கழித்தலில் அப்படியே ஆக்சிஜன் கணக்கில் போய் ஏறுகிறது. ஆக்சிஜன் 1.1 சதவீதம் கூடுகிறது. மேலே உள்ளது குறைந்து கீழே உள்ளது கூடினால் கார்பன்-ஆக்சிஜன் விகிதம் இரு பிழையையும் சேர்த்து 2.1 சதவீதம் சாய்ந்துவிடும். பிறகு 2-ஆலோ 5-ஆலோ பெருக்கும்போது அந்தச் சாய்வும் சேர்ந்து பெருகும்.

ஆக்சிஜன் குறைவாக உள்ள சேர்மத்தில் இது இன்னும் மோசம். கொலஸ்டிராலை எடுத்துக்கொள்ளுங்கள்: 27 : 46 : 1. அதில் கார்பன் 83.87 சதவீதம், ஆக்சிஜன் வெறும் 4.14 சதவீதம். கார்பன் அளவீட்டில் நூற்றுக்கு ஒன்று குறைந்தாலே ஆக்சிஜன் 4.98 சதவீதமாகத் தோன்றும், அதாவது உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக. ஆக்சிஜனால் வகுத்தால் 22.2 : 38.2 : 1 என்று வரும். இதிலிருந்து 27 : 46 : 1-ஐ யாராலும் ஊகிக்க முடியாது. "மிகச் சிறிய எண்ணால் வகு" என்று எல்லாரும் சொல்லிக்கொடுக்கும் படி, மிகப் பெரிய பிழையைச் சுமக்கும் எண்ணால் மற்ற நல்ல எண்களையும் வகுக்கச் சொல்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

எனவே மூலக்கூறு நிறை கையில் இருந்தால் அந்தப் படியையே தாண்டிவிடுங்கள். எடுத்த பொருள் எத்தனை மோல் என்று முதலில் பாருங்கள்: 0.3000 ÷ 146.1 = 0.002053 மோல். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மோல் அளவுகளை இதால் வகுத்தால் 6.00, 10.00, 4.00 என்று மூலக்கூறு வாய்ப்பாடே நேரடியாக விழுகிறது. கொலஸ்டிரால் உதாரணத்திலும் இந்த வழியில் போனால், அதே 1 சதவீதப் பிழையோடு கார்பன் 26.7, ஹைட்ரஜன் 46, ஆக்சிஜன் 1.2 என்று வரும். 27, 46, 1 என்று தயக்கமின்றி எழுதலாம். கார்பனின் பிழை கழித்தல் வழியாக ஆக்சிஜனில் மட்டும் ஏறுகிறது, ஹைட்ரஜனைத் தொடுவதில்லை; ஆக்சிஜனில் சேர்ந்த பிழையும் வகுத்தல் வழியாக மற்றவற்றுக்குப் பரவுவதில்லை. தேர்வில் படிப்படியாக எளிய விகித வாய்ப்பாட்டைக் கேட்டால் பழைய வழியில் எழுதுங்கள். சரிபார்க்க இந்த வழியைப் பயன்படுத்துங்கள்.

பிழை எங்கிருந்து வரும் என்பதை அறிய, கருவியை ஒருமுறை மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்க வேண்டும். யூஸ்டஸ் லீபிக் 1831-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த அமைப்பின் எலும்புக்கூடு இன்றும் பாடப்புத்தகங்களில் அப்படியே இருக்கிறது. உலர்த்தி, கார்பன் டைஆக்சைடு நீக்கிய ஆக்சிஜன் ஒரு முனையில் நுழைகிறது. சிறு படகு வடிவக் கிண்ணத்தில் பொருள் எரிகிறது. எரிந்த வாயு சூடான காப்பர் ஆக்சைடு அடுக்கின் வழியே போகிறது. அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடாகத் தப்பித்ததை அது முழுக்க ஆக்சிஜனேற்றம் செய்யும். பிறகு எடை போட்டு வைத்த இரண்டு உறிஞ்சு குழாய்கள்: முதலில் நீரற்ற கால்சியம் குளோரைடு, நீருக்கு, அடுத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், கார்பன் டைஆக்சைடுக்கு. இந்த வரிசை மாறவே கூடாது. ஹைட்ராக்சைடு முன்னால் இருந்தால் நீராவியையும் அதுவே பிடித்துக்கொள்ளும். கார்பன் கூடியும் ஹைட்ரஜன் குறைந்தும் காட்டும். லீபிக் கரைசல் வைத்திருந்த ஐந்து குமிழ் கண்ணாடிக் கலன் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் சின்னத்தில் இன்றும் இருக்கிறது.

பின்னாளில் கால்சியம் குளோரைடின் இடத்துக்கு மெக்னீசியம் பெர்குளோரேட்டும், கரைசலின் இடத்துக்கு சுமப்பான் மேல் ஏற்றிய சோடியம் ஹைட்ராக்சைடும் வந்தன. இந்த இரண்டாவது குழாயில் ஒரு நுணுக்கம் உண்டு. சோடியம் ஹைட்ராக்சைடு கார்பன் டைஆக்சைடோடு வினைபுரியும்போது சோடியம் கார்பனேட்டோடு நீரும் உண்டாகிறது. அந்த நீர் வாயு ஓட்டத்தோடு வெளியே போய்விட்டால் எடை குறையும், கார்பன் குறைவாகத் தெரியும். அதனால் அதே குழாயின் வெளிமுனையில் ஓர் அடுக்கு உலர்த்தி வைத்து இரண்டையும் சேர்த்தே எடை போடுவார்கள். லீபிக் காலத்துக் கரைசலுக்கும் இதே சிக்கல்தான்: உலர்ந்த வாயு கரைசலைக் கடந்து போகும்போது அதன் நீரைக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போகும். கால்சியம் குளோரைடுக்கு இன்னொரு குணம். அதில் சிறிது கால்சியம் ஆக்சைடு கலந்திருந்தால் கார்பன் டைஆக்சைடையும் அது பிடிக்கும். பயன்படுத்துமுன் அதைக் கார்பன் டைஆக்சைடால் நிறைவித்துவிட்டு உலர் காற்றால் கழுவி எடுப்பது இதனால்தான்.

எடை போடுவதில் யாரும் எதிர்பார்க்காத பிழை குழாய்க்குள் இருக்கும் வாயுவால் வருவது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் ஆக்சிஜன் சுமார் 1.33 கிராம், காற்று சுமார் 1.20 கிராம். 50 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள குழாயை முதலில் காற்றோடும் கடைசியில் ஆக்சிஜனோடும் எடை போட்டால், எதையும் உறிஞ்சாமலேயே 6 மில்லிகிராம் கூடிவிடும். நீர்க் குழாயில் உங்களுக்குக் கிடைத்த மொத்தமே 185 மில்லிகிராம். எனவே இரண்டு தடவையும் ஒரே வாயு நிரம்பியிருக்க வேண்டும், குழாய் அறை வெப்பநிலைக்கு ஆறியிருக்க வேண்டும். பொருள் இல்லாமல் வெறுமனே ஒரு முறை ஓட்டிப் பார்த்து, அப்போது கூடும் எடையைக் கழிப்பதும் அவசியம். ஆக்சிஜனில் தங்கிய ஈரமும் கசிவும் அதில் பிடிபடும்.

இனி, இரண்டு பிழைகளை உங்கள் எண்களிலேயே வைத்துப் பார்ப்போம். பொருள் சரியாக உலராமல் இருந்தாலோ வெளி ஈரம் நுழைந்தாலோ நீர் கூடும். 0.185-க்குப் பதில் 0.195 கிராம் கிடைத்ததாக வையுங்கள், அதாவது வெறும் 10 மில்லிகிராம் கூடுதல். விகிதம் 1.51 : 2.66 : 1 ஆகிறது. 2-ஆல் பெருக்கினால் 3.03 : 5.32 : 2. ஹைட்ரஜன் 5-ஆ, 5.33-ஆ என்று தடுமாற வைக்கும் எண். ஹைட்ரஜன் மிக லேசானது என்பதால் நீரில் வரும் சிறு பிழையும் அணு எண்ணிக்கையில் பெரிதாகத் தெரிகிறது. அதே 10 மில்லிகிராம் கார்பன் டைஆக்சைடில் கூடியிருந்தால் பிழை 2 சதவீதத்துக்குள் அடங்கியிருக்கும்; நீரில் அது 5 சதவீதத்துக்கு மேல்.

இரண்டாவது பிழை முழுமையற்ற எரிதல். கிண்ணத்தில் கரி படிந்து நிற்கலாம், அல்லது பொருள் திடீரென்று ஆவியாகி, காப்பர் ஆக்சைடால் கையாள முடியாத வேகத்தில் கடந்து போகலாம். கார்பனில் 3 சதவீதம் இப்படித் தப்பிவிட்டது, கார்பன் டைஆக்சைடு 0.526 கிராம்தான் கிடைத்தது என்று வையுங்கள். கார்பன் 0.1436 கிராம், ஆக்சிஜன் 0.1357 கிராமாக ஏறுகிறது. விகிதம் 1.41 : 2.42 : 1. "0.4 என்றால் 5-ஆல் பெருக்கு" என்ற விதிப்படி பெருக்கினால் 7.04 : 12.10 : 5. எவ்வளவு சுத்தமாக 7 : 12 : 5 விழுகிறது பாருங்கள்! இதில் விபரீதம் என்னவென்றால், அந்தத் தவறான வாய்ப்பாட்டுக்குக் கணக்கிட்ட கார்பன் 47.73 சதவீதம், அளந்தது 47.85; ஹைட்ரஜன் 6.87-க்கு 6.90. ஆய்விதழ்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் 0.4 சதவீதப் புள்ளி வரம்புக்குள் அது சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளும். முழு எண்ணுக்கு நெருக்கமாக விழுந்தது என்பது மட்டும் சரியான விடைக்கு அத்தாட்சி ஆகாது.

இதைப் பிடித்துக்கொடுப்பது மூலக்கூறு நிறை. 7 : 12 : 5-இன் நிறை 176; 146-க்குள் அது போகவே போகாது. அதே கெட்ட எண்களை முன்பு சொன்ன நேர் வழியில் போட்டால் 5.82, 10.00, 4.13. கார்பன் குறைந்து ஆக்சிஜன் கூடியிருப்பது கண்ணில் பட்டுவிடுகிறது, 6 : 10 : 4 என்ற சரியான விடையும் தவறாமல் வருகிறது. ஆனால் அந்த மூலக்கூறு நிறையும் நம்பகமாக இருக்க வேண்டும். நிறை நிறமாலையில் கிடைத்தது என்றால் பொதுவாகக் கவலை இல்லை, மூலக்கூறு அயனிதான் தெரிகிறதா, உடைந்த துண்டா என்று மட்டும் பார்க்க வேண்டும். உறைநிலைத் தாழ்வில் கிடைத்தது என்றால் கரைப்பான் எது என்று கேளுங்கள். கார்பாக்சிலிக் அமிலங்கள் பென்சீனில் இரண்டிரண்டாக இணைந்திருக்கும். நிறை 60 உள்ள அசிட்டிக் அமிலம் அங்கே கிட்டத்தட்ட 120 என்று காட்டும்.

மூலக்கூறு நிறையே கொடுக்காவிட்டாலும் ஓர் இலவசச் சோதனை உண்டு, பாடங்களில் இதை அதிகம் சொல்வதில்லை. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே உள்ள சாதாரணச் சேர்மத்தில் ஹைட்ரஜனின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்கும். கார்பனின் இணைதிறன் 4, ஆக்சிஜனுக்கு 2, எல்லாப் பிணைப்பும் நிறைவு பெற வேண்டும் என்றால் வேறு வழியில்லை. 3 : 5 : 2-இல் ஹைட்ரஜன் ஒற்றைப்படை. ஆகவே அது மூலக்கூறு வாய்ப்பாடாக இருக்க முடியாது. உண்மையான மூலக்கூறு அதன் இரட்டைப்படை மடங்கு, 6 : 10 : 4 அல்லது 12 : 20 : 8 என்று போக வேண்டும். நைட்ரஜனோ ஹாலஜனோ இருந்தால் ஹைட்ரஜன், நைட்ரஜன், ஹாலஜன் மூன்றின் எண்ணிக்கையும் சேர்ந்து இரட்டைப்படையாக வர வேண்டும். மேல் எல்லையும் உண்டு: ஹைட்ரஜன், கார்பனின் இரு மடங்கு கூட்டல் 2-ஐத் தாண்டாது, ஒவ்வொரு நைட்ரஜனுக்கும் ஒன்று கூட்டிக்கொள்ளலாம், ஒவ்வொரு ஹாலஜனுக்கும் ஒன்று குறைக்க வேண்டும். தனி எலக்ட்ரான் கொண்ட இயங்குறுப்புகளும் உப்புகளின் அயனிகளும் இந்தக் கணக்குக்கு வெளியே.

"கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே உள்ள சேர்மம்" என்ற வரியைக் கேள்வித்தாள் இலவசமாகத் தருகிறது. ஆய்வகத்தில் அதைத் தனியாக நிறுவ வேண்டும், இல்லாவிட்டால் மற்றத் தனிமம் எதுவானாலும் கழித்தலில் ஆக்சிஜன் என்ற பெயரில் உட்கார்ந்துவிடும். கந்தகம் இருந்தால் கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் இருந்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள், இரண்டையுமே ஹைட்ராக்சைடு பிடித்துக்கொண்டு கார்பனைக் கூட்டிக் காட்டும். கந்தகத்தைத் தடுக்க லெட் குரோமேட்டும், நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சிதைக்கச் சூடான காப்பரும், ஹாலஜனைப் பிடிக்க வெள்ளியும் குழாயில் வைப்பது இதற்காக. சோடியம், பொட்டாசியம் உப்புகள் கிண்ணத்தில் கார்பனேட்டாகவே நின்று கார்பனைக் குறைத்துக் காட்டும். பாஸ்பரஸ் சேர்மங்களில் கண்ணாடி போன்ற படலம் கரியை மூடி எரியவிடாது. நைட்ரஜனை டூமாஸ் முறையில் வாயுவாகச் சேர்த்து அளப்பார்கள். ஜெல்டால் முறை எளிது என்றாலும் நைட்ரோ, அசோ தொகுதிகளிலும் பிரிடின் போன்ற வளையங்களிலும் உள்ள நைட்ரஜனை அது முழுமையாகக் காட்டாது. ஹாலஜனுக்கும் கந்தகத்துக்கும் காரியஸ் முறை.

இப்போதைய தானியங்கிக் கருவிகளில் 2, 3 மில்லிகிராம் போதும். இந்த அளவுக்கு இறங்க வழி திறந்தவர் பிரிட்ஸ் பிரெகிள். நுண்பகுப்பாய்வுக்காக 1923-இல் நோபல் பரிசு பெற்றார். தகரக் கூட்டில் மடித்த பொருள் ஆக்சிஜன் நிறைந்த உலையில் விழுகிறது, தகரமே எரிந்து வெப்பத்தைக் கூட்டுகிறது, வாயுக்களை எடை போடாமல் பிரித்து வெப்பக் கடத்துத்திறனால் அளக்கிறார்கள். ஆக்சிஜனை இதிலும் பெரும்பாலும் கழித்துத்தான் பெறுகிறார்கள். எரிக்காமல், கார்பன் அடுக்கின் மேல் பொருளைச் சிதைத்துக் கார்பன் மோனாக்சைடாக அளக்கும் தனி முறை உண்டு; கேட்டால்தான் செய்வார்கள்.

கணக்கு எவ்வளவு சரியாகப் போட்டாலும் இந்த முறையால் சொல்ல முடியாதவை உண்டு. ஹெக்சாடெக்கேனில் கார்பன் 84.87 சதவீதம், ஹெப்டாடெக்கேனில் 84.91. இடைவெளி 0.04, எந்த எரித்தல் பகுப்பாய்வும் இவற்றைப் பிரித்துச் சொல்லாது. படிக நீர் உள்ள பொருளில் அந்த நீரும் சேர்ந்தே வரும்: நீரற்ற ஆக்சாலிக் அமிலம் 1 : 1 : 2, இரண்டு நீரோடு படிகமானது 1 : 3 : 3. இரண்டும் சரியான விடைதான், குப்பியில் இருந்தது எது என்பதைப் பொறுத்து. தூய்மையற்ற பொருளுக்கும் ஏதோ ஒரு விகிதம் வரத்தான் செய்யும், கலவை என்று தராசு எச்சரிக்காது.

உங்கள் 6 : 10 : 4-க்கும் அதே நிலைதான். அது அடிபிக் அமிலமாக இருக்கலாம், டைஎத்தில் ஆக்சலேட்டாக இருக்கலாம், எத்திலீன் கிளைக்கால் டைஅசிட்டேட்டாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் வாய்ப்பாடும் நிறையும் ஒன்றே. முதலாவது 152 டிகிரியை ஒட்டி உருகும் திண்மம், மற்ற இரண்டும் திரவங்கள். 0.1461 கிராமை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பினால்ப்தலீன் விட்டு, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்த்தால் அடிபிக் அமிலம் 20 மில்லிலிட்டர் கேட்கும். எஸ்டராக இருந்தால் முதல் சில சொட்டுகளிலேயே இளஞ்சிவப்பு தெரிந்துவிடும். ஆக்சலேட் எஸ்டரைக் காரம் சீக்கிரமே சிதைப்பதால் அந்த நிறம் நிற்காமல் மங்கும்.